சமையலறை வரை போன நாற்காலி

என் தம்பியை எங்கள் கம்பெனிப் பெண்கள் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பதால் அல்ல, நல்ல தொந்தி உண்டு. கம்பெனி வேனை எந்தச் சந்துக்குள் விட்டாலும், இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடம்தான் இருந்தாலும், ஒரு கீறல் படாமல் அந்தப் பக்கம் எடுத்துவிடுவான். அதற்கு வந்த பெயர்.

நானும் அந்த வேனில்தான் போய் வந்தேன். தையல் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைக்கிற மெஷின் என்னுடையது. வேன் கிளம்பும்போது கண்ணை மூடி, கடவுளே, ஏறினபடியே எல்லாரையும் இறக்கிவிடு என்று வேண்டிக்கொள்வேன். தம்பி கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான்.

"அக்கா, சொல்லி முடிச்சாச்சா? கியர் போடலாமா?"

அவன் வீடும் என் அறையும் ஒரே சுவர். வீடு என்றால் தெருவைப் பார்த்த ஒரு அறை, அதன் முதுகில் ஒரு சமையலறை, நடுவில் கதவில்லாத ஒரு நிலை. தெருவாசலில் நின்றால் அடுப்பு தெரியும். அறையில் கட்டில், கட்டிலுக்கு எதிரே டிவி. மாடியில் இருக்கும் சலூன்காரர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, தன் பழைய கேம் பெட்டியைத் தம்பி மகளுக்குக் கொடுத்தார். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள், எங்களுக்கு அவள் பாப்பா. அந்தப் பெட்டியில் ஒழுங்காக ஓடியது ஒரு கார் பந்தயம் மட்டும்தான். சாயங்காலம் ஆனால் எல்லாரும் கட்டில் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து அதை ஓட்டுவார்கள். நான் பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பேன்.

பொம்மை வண்டிதான். ஆனாலும் ஓட்டுகிறவர் குணம் அதில் வந்துவிடுகிறது. தம்பி மனைவி அதிர்ந்து பேசமாட்டாள். ஜாய்ஸ்டிக் கைக்கு வந்தால் பிரேக் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோகும். வளைவு வந்தால் பக்கத்துக் கார்மேல் சாய்ந்து, அதை வெளியே தள்ளி, தான் திரும்பிப் போய்விடுவாள். ஏன்டி இப்படி என்று கேட்டால், "அவன் இல்லேன்னா நான்ல சுவத்துல போயிருப்பேன் அண்ணி" என்பாள், ரொம்ப நியாயமாக. சலூன்காரர் கடைசிச் சுற்றுவரை முதல் காருக்குப் பின்னால் நல்ல பிள்ளையாக வருவார், கடைசி வளைவில்தான் இடித்துத் தள்ளிவிட்டு முந்துவார். பாப்பா வேகக்காரி, ஆனால் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிற பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பாள். பின்னால் பார்த்து முன்னால் முட்டுவாள்.

தம்பி வேனில் எப்படியோ அங்கேயும் அப்படி. இரண்டு கார் ஒட்டிப் போனால் நடுவில் நூல் கோப்பதுபோலப் புகுந்து வெளியே வருவான். முதல் இடம் அவனுக்கு முக்கியமில்லை. "மூணாவதா வந்தாலும் சரி, கீறல் இல்லாம வரணும்" என்பான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவன் கட்டிலை விட்டு விலகினான். முதலில், கிட்டே உட்கார்ந்தால் கண் கூசுகிறது என்று கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கட்டில் கால்மாட்டில் போட்டுக்கொண்டான். அடுத்து அது நிலைப்படிக்கு வந்தது. ஜாய்ஸ்டிக் வயர் அறைக்குக் குறுக்கே கயிறுபோல் நிற்கும், நாங்கள் தாண்டித் தாண்டி நடப்போம். சலூன்காரர் இரண்டு தடவை அதில் தடுக்கியபின் வயர் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு நாற்காலிக்குக் கட்டுப்பாடு இல்லை. நிலையைத் தாண்டிச் சமையலறைக்குள் போனது.

"தள்ளுங்க, சோறு வடிக்கிறேன். கால்ல ஊத்திட்டு அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

"தியேட்டர்ல பின் சீட்டுக்குத்தான்டி மரியாதை."

"அப்படியே அடுப்பு மேல ஏறி உக்காருங்க. பால்கனி."

எல்லாரும் சிரித்தோம். இப்போது தெரிந்திருப்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவன் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. வலி கிடையாது. நேரே பார்ப்பது கடைசிவரை பளிச்சென்று இருக்குமாம், பக்கங்கள்தான் சத்தமில்லாமல் போய்விடுமாம். கிட்டே இருந்தால் டிவியில் நடு மட்டும்தான் அவனுக்குத் தெரியும். தள்ளி உட்கார்ந்தால் முழுப் படமும் அந்த நடுவுக்குள் அடங்கும். அதனால்தான் நாற்காலி பின்னால் போனது. அவன் தெரிந்து செய்யவில்லை. எது வசதியோ அங்கே உடம்பு போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கண்ணோடுதான் தினமும் ஒரு வேன் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு போனான்.

ஓட்டுகிற விதமும் மாறியது. நூல் கோப்பதை விட்டுவிட்டான். முன்னால் போகிற ஒரு காரின் பின் விளக்கைப் பிடித்துக்கொண்டு, அது திரும்பினால் திரும்பி, அது நின்றால் நின்று, அப்படியே போனான். சலூன்காரர் இதைக் கண்டுகொண்டார். ஒரு நாள் வேண்டுமென்றே தன் காரை ரோட்டை விட்டு இறக்கி ஆற்றுக்குள் விட்டார். தம்பியும் பின்னாலேயே ஆற்றுக்குள் போனான்.

"என்னப்பா ஊசி, நான் கிணத்துல குதிச்சா குதிப்பியா?"

"நீங்க போனா வழி இருக்கும்னு நம்பித்தானே வந்தேன், படுபாவி."

பாப்பா கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். தம்பியும் சிரித்தான்.

வேனிலும் அதுதான் நடந்தது. பெரிய ரோட்டில் ஒரு பஸ் கிடைத்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போவான். பெண்கள் விடுவார்களா. "அண்ணே, அந்த பஸ் டிரைவர் உங்களுக்கு மாமனாரா? இப்படி மரியாதையா பின்னாலயே போறீங்க" என்று கேட்டவள் பாட்டுக்காரி. நூல் பிசிறு வெட்டுகிற மேசையில் நிற்கிற பெண், கல்யாணம் ஆகாதவள், அம்மாவும் தங்கையும் மட்டும். வேன் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை பாடிக்கொண்டே வருவாள். அவள் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். இறங்கி, வேனுக்கு முன்னால் சுற்றி, போகிற போக்கில் பானட்டில் கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கடப்பாள். தட்டு கேட்டால் தம்பி காத்திருப்பான். அவள் அந்தப் பக்கம் போய்க் கை காட்டியபிறகு எடுப்பான். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அன்று மழை இல்லை, இருட்டவும் இல்லை. நான் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்தேன். பாட்டுக்காரி தங்கைக்கு ஒரு ஸ்கூல் பை வாங்கியிருந்தாள். ஒரு கையில் அது, மறு கையில் சாப்பாட்டுப் பாத்திரமும் குடையும். இறங்கினாள். கதவு மூடியது. தம்பி கண்ணாடியைப் பார்த்தான், பின்னால் யாரும் இல்லை. நேரே பார்த்தான், ரோடு காலி. எடுத்தான்.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரம் உருளுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு வேன் ஒரு பக்கம் லேசாக ஏறி இறங்கியது. ஒருத்தி "அண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள். தம்பி அதற்குள் நிறுத்திவிட்டான். என்ன ஆயிற்று என்று எங்களைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிற முகம்.

இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்திருந்தன. உயிர் இருந்தது. அன்று காலையும் சாயங்காலமும் நான் வேண்டிக்கொண்டுதான் ஏறியிருந்தேன். அதைப் பற்றி என்ன நினைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கடவுளிடம் கோபப்படுகிற அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்லை, துணிவும் இல்லை.

போலீஸ் வந்து விசாரித்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் பாட்டுக்காரி சொன்ன முதல் பேச்சு, "கை ரெண்டும் சாமான், தட்டாம வந்துட்டேன், தப்பு என்னோடதுதான்" என்பது. கம்பெனி மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். கவனமில்லாமல் குறுக்கே வந்தாள் என்று பேச்சு அப்படியே பரவியது. தம்பியைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரிவரை வாசித்துவிட்டு வந்தான். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தம்பி மனைவி சாமி படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்தாள். நானும் விழுந்தேன்.

அவன் மட்டும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் சாயங்காலம், அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல், பாப்பா டிவியைப் போட்டாள்.

"அப்பா, ஒரு ரவுண்டு வாங்கப்பா. நான் மெதுவாவே ஓட்டுறேன்."

அவள் மனசு கோணக்கூடாது என்று எழுந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனான். அரிசி டிரம்முக்கு முன்னால் வைத்து உட்கார்ந்தான். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளப் பார்த்தான். நாற்காலி டிரம்மில் முட்டியது.

"இதுக்கு மேல பின்னால போகணும்னா சுவத்தைத்தான்பா இடிக்கணும்" என்றாள் பாப்பா. சிரிக்கவைக்கத்தான் சொன்னாள்.

அவன் சிரிக்கவில்லை. டிரம்மைப் பார்த்தான், நிலையைப் பார்த்தான், அந்தக் கோடியில் கட்டிலைப் பார்த்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்து, டிவிக்குக் கிட்டே, கட்டில் விளிம்பை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான்.

"போடு" என்றான்.

பந்தயம் ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போனதும், "நீ எங்க இருக்க?" என்று கேட்டான்.

"உங்க பக்கத்துலதாம்பா."

"எந்தப் பக்கம்?"

"என்னப்பா விளையாடுறீங்க. இந்தா, இடது பக்கம், ஒட்டியே வரேன் பாருங்க."

தலையை இடது பக்கம் திருப்பினான். திருப்பினபிறகுதான் அவள் கார் அவனுக்குத் தெரிந்தது. நேரே பார்த்தான், போய்விட்டது. மறுபடி திருப்பினான், இருந்தது. இப்படி மூன்று நான்கு தடவை. அவன் வண்டி சுவரில் முட்டி நின்றுவிட்டது. ஜாய்ஸ்டிக்கைக் கட்டில்மேல் வைத்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் போகவில்லை.

"என்னங்க" என்றாள் அவன் மனைவி.

"எழுத்தெல்லாம் நேரா இருந்துச்சுடி. அதான் வாசிச்சுட்டேன்."

"கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணும் தன் தப்புன்னு சொல்லிட்டா. நீங்க ஏன் பழியைத் தூக்கி உங்க தலையில..." முடிக்காமல் பாப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தட்டினாத்தான் அவ அங்க இருக்கான்னு தெரியும்னா, நான் எதுக்கு டிரைவர்?" என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பாட்டுக்காரியின் காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் அவள் அம்மா. தம்பியைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்தாள். "வாங்கண்ணே, உங்களையும் சேத்துச் சங்கடப்படுத்திட்டேன்" என்றாள்.

"இல்லம்மா. தப்பு உன்னோடது இல்ல. எனக்குப் பக்கத்துல கண்ணு தெரியல. நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது. நீ முன்னால சுத்தி வந்ததை நான் பாக்கவே இல்ல. கை வீசிட்டு வந்திருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்."

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ இத்தனை நாளா எங்க எல்லாரையும் எப்படிண்ணே கூட்டிட்டுப் போனீங்க?"

எனக்கு அந்த ரோடுகள் எல்லாம் கண்முன் வந்தன, ஸ்கூல் விடுகிற நேரம், சந்துகள், சைக்கிள்கள்.

அவள் அம்மா எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. "சொல்லவேண்டியதைச் சொல்லிட்டீங்கள்ல. கெளம்புங்க" என்றார்.

அங்கிருந்து நேரே கம்பெனிக்கும், பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய் அதையே சொன்னான். மேலாளருக்கு எரிச்சல். முடிந்துபோன பேச்சைக் கிளப்புகிறாய் என்றார். லைசென்ஸ் போனது, வேலை போனது, வழக்கு நடக்கிறது. பெரிய கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்றார்கள். பாப்பா கேம் பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாள். யாரும் அவளைக் கொடுக்கச் சொல்லவில்லை.

பாட்டுக்காரி வீட்டுக்கு வந்துவிட்டாள், ஆனால் தரையில் உட்காரவோ எழவோ முடியாது என்று கேள்விப்பட்டோம். தம்பி அந்த நாற்காலியைக் கழுவித் துடைத்தான். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஓரங்களில் இடித்து இடித்து நடந்தே கொண்டுபோனான். அவள் அம்மா கதவைத் திறந்து, வாங்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டார்.

இப்போது வேனுக்கு வேறு டிரைவர். பாட்டு கிடையாது. ஏறினபடியே எல்லாரையும் இறக்கிவிடு என்று இன்னமும் வேண்டிக்கொள்கிறேன், ஆனால் கண்ணை மூடுவதில்லை. அந்த வீட்டைத் தாண்டும்போது வாசலில் அந்த நாற்காலி இருக்கும். அவள் காலை ஒரு பலகைமேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேன் போகிற சத்தத்துக்கு நிமிரமாட்டாள்.

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தம்பி கட்டிலிலிருந்து கேட்பான்.

"அக்கா, இன்னைக்காவது நாற்காலி காலியா இருந்துச்சா?"

"இல்லப்பா. உக்காந்துதான் இருக்கா."