சங்கக்கடைக்கு வராத பால்

சென்ற வாரம் கூட்டுறவுச் சங்கக்கடையில் வரிசையில் நின்றேன். பால்மா வந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிறகென்ன... ஊரே பையோடு அங்கே நின்றது. வரிசை நகராவிட்டால் வாய் நகரும். அது உலக வழக்கம்.

எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய். பின்னால் என் வயதுப் பெண் ஒருவர். பேச்சு குழந்தையில் தொடங்கித் தாய்ப்பாலுக்கு வந்தது.

"நீங்கள் எவ்வளவு காலம் பால் குடுத்தனீங்கள்?" பின்னால் நின்றவர் என்னைக் கேட்டார்.

"ஒண்டரை வருசம்."

"நல்ல விசயம். சுகப்பேறோ, ஒப்பறேசனோ?"

"நான் பெறேல்லை."

அவர் மெல்ல ஓர் அடி பின்னால் போனார். பால்மா வரிசையில் ஒருவர் தானாகப் பின்னுக்குப் போனதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்!

பயப்படாதீர்கள். எனக்கு விசர் இல்லை. வரிசையில் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னர் நாங்கள் நெடுந்தீவில் இருந்தோம். இவர் அங்கே தபாலதிபர். முன்பக்கம் தபாற் கந்தோர், பின்பக்கம் எங்கள் குவாட்டர்ஸ். நான் பக்கத்துப் பாடசாலையில் ரீச்சர். இவருடைய தமக்கை, என் மச்சாள் பறுவதம், எங்களோடு இருந்தார். எனக்கும் இவருக்கும் கலியாணமாகிக் கனகாலம், பிள்ளை இல்லை. நாங்கள் வைக்காத நேர்த்தி இல்லை. நயினாதீவு அம்மனுக்கு எங்கள் இருவரின் முகமும் பாடமாகியிருக்கும்.

கடைசியில் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தோம். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் குழந்தை. பவானி என்று பெயர் வைத்தோம். அவளைப் பெற்றவளின் கதையை இங்கே எழுதப் போவதில்லை. அது பவானிக்குச் சொந்தமான கதை. விரும்பினால் அவளே ஒருநாள் சொல்லட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்கு வரும்வரை நல்ல பிள்ளை. கடல் தூக்கித் தூக்கிக் குத்தியது, லோஞ்சில் பெரியவர்கள் எல்லாம் சத்தி எடுத்தார்கள், இவள் நித்திரை. தரையில் கால் வைத்தோமோ இல்லையோ, தொடங்கினாள். பால்மாவைக் கரைத்துப் போத்திலில் கொடுத்தால் பாதியைத் துப்புவாள், மீதியைக் கக்குவாள். வயிற்றோட்டம் வேறு. கை கால்கள் ஈர்க்குப் போல ஆகிக்கொண்டு வந்தன. போதாக்குறைக்குக் கடலில் பிரச்சினை. லோஞ்ச் ஒழுங்காக ஓடாது. லோஞ்ச் இல்லையென்றால் பால்மா இல்லை, டொக்டரும் இல்லை.

எனக்குப் பயம் பிடித்தது. இத்தனை காலம் காத்திருந்து கிடைத்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே இழந்துவிடுவேனோ?

ஒரு பின்னேரம் அவள் கத்திக் கத்திக் களைத்து என் தோளில் கிடந்தாள். திடீரென்று முகத்தைத் திருப்பினாள். என் சட்டைக்கு மேலாகவே மார்பைத் தேடிக் கவ்வினாள். நான் கூசிப்போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். அவளோ சமர்த்தாக, துணியைச் சூப்பிக்கொண்டே தூங்கிப்போனாள்.

அடுத்த நாள் பிள்ளையைப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸியிடம், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "மிஸி, பெறாத ஆக்களுக்கு... பால்... வருமோ?"

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "பிள்ளை விடாமல் சூப்பினால் சிலருக்கு வரும் எண்டு படிப்பிச்சவை, ரீச்சர். ஆனால் நான் கண்டதில்லை. பெரியாஸ்பத்திரியிலதான் கேக்கவேணும்."

குசினிக்குள் சட்டி விழுந்த சத்தம். மச்சாள் கேட்டுவிட்டார்.

"கிணறு வெட்டாமல் தண்ணி வருமோ?" என்று வெளியே வந்தார். "உனக்கு என்ன பிடிச்சது? ஊர் சிரிக்கப்போகுது!"

லோஞ்ச் ஓடிய முதல் நாளே இவர் யாழ்ப்பாணம் போனார். பெண் டொக்டர் ஒருவரைச் சந்தித்தார். அங்கே நடந்ததை இவரே பின்னர் எனக்குச் சொன்னார்.

"டொக்டர், என்ர மனிசிக்குப் பால் வரவேணும்."

"எப்ப பிள்ளை பிறந்தது?"

"மனிசிக்குப் பிறக்கேல்லை."

"அப்ப இனித்தானே பிறக்கும்?"

"இல்லை டொக்டர். பிள்ளை வீட்டை இருக்கு."

டொக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்கள் முதல் இருங்கோ. தண்ணி குடிக்கிறீங்களோ?" என்றாராம்.

ஆனால் விளங்கிய பிறகு அந்த அம்மா அக்கறையாகத்தான் சொல்லியிருக்கிறார். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் உடம்புக்குச் செய்தி போகும். வரலாம், கொஞ்சமாக வரலாம், வராமலும் போகலாம். அதுவரை பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது. எனவே நூல் போல ஒரு ரியூப். ஒரு நுனி பால் கோப்பைக்குள், மறு நுனி பிளாஸ்டரால் மார்பில் ஒட்டியிருக்கும். பிள்ளை மார்பைச் சூப்பும்போது கோப்பைப் பாலும் வாய்க்குள் போகும். எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி அவிக்கவேண்டும். போத்திலைத் தூக்கி எறியுங்கோ என்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் செய்முறை விளக்கம் கொடுக்க வெளிக்கிட்டார். சேட்டைக் கழற்றினார். கோப்பையில் தண்ணீர். ரியூப்பைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பிளாஸ்டரை அழுத்தி ஒட்டினார்.

"பாத்தீரோ? இவ்வளவுதான். கோப்பையை உயர்த்தினால் கெதியாய் வரும், பதிச்சால் மெதுவாய் வரும்."

எல்லாம் சரி. கழற்றும்போதுதான் வினை. இவருடைய நெஞ்சில் ரோமம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஐயோ! அம்மா!"

தபால் கொடுக்க வந்தவர்கள் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். அரை நிர்வாணத் தபாலதிபர், நெஞ்சில் ரியூப், கண்ணில் நீர். தீவு முழுக்கச் செய்தி போவதற்குத் தந்தி தேவைப்படவில்லை.

இனி மறைத்து என்ன செய்ய? ஊரே என் பாலைப் பொறுப்பெடுத்தது! முருங்கையிலை வந்தது. உள்ளி வந்தது. பக்கத்து வீட்டுத் திரேசம்மா ஒரு பால்சுறாவோடு வந்தார். அவருடைய புருசன் கடலுக்குப் போகிறவர்.

"ரீச்சர், சுறா வறை திண்டால் கல்லிலயும் பால் சுரக்கும். நான் ஆறு பிள்ளை வளத்தனான்."

நானோ பிறவிச் சைவம். முட்டைகூட வாயில் வைத்ததில்லை. என் குசினிக்குள் சுறா வருவதைப் பார்த்து மச்சாள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டேன். பவானியின் கையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். ஈர்க்குப் போன்ற அந்தக் கைக்காகத் திமிங்கிலம் தந்திருந்தாலும் தின்றிருப்பேன்.

உள்ளி தின்றதன் பலனாக வகுப்பில் முதல் வரிசை வாங்குகள் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தன. அதிபர் என்னோடு கதைப்பதென்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் வந்து நிற்பார்.

திரேசம்மாவின் புருசன் தன் பங்குக்கு இவரிடம் ஒரு தகவல் சொன்னார். கன்று போடாத நாகு ஒன்று, தாயில்லாத கன்றைச் சூப்பவிட்டுப் பால் சுரந்ததாம். இவர் சந்தோசமாக ஓடி வந்தார்.

"கேட்டீரோ? மாட்டுக்கே வருதாம். உமக்கு வராதோ?"

நான் பார்த்த பார்வையில் இவர் அப்படியே திரும்பிக் கந்தோருக்குப் போய்விட்டார்.

நேரம் கிடைக்கும்போதெல்லாம் பிள்ளையை மார்பில் போடுவேன். இடைவேளைக்கு மணி அடித்தால் மாணவர்களுக்கு முன்னால் நான்தான் படலையைத் தாண்டுவேன். நான் கதிரையில், பிள்ளை மடியில். இவர் பக்கத்தில், ஆஸ்பத்திரிச் சேலைன் கம்பி மாதிரிக் கோப்பையை உயர்த்திப் பிடித்தபடி. பசுப்பாலை ஆற்றி, தண்ணீர் கலந்து விடுவோம். கந்தோரில் ஆட்கள் காத்திருந்தால், "பொறுங்கோ, அவசர வேலை!" என்று குரல் கொடுப்பார். அது என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரியும்.

போத்தில் போனதும் வயிற்றோட்டம் நின்றது. பவானி தேறத் தொடங்கினாள். ஆனால் எனக்கு? ஒரு துளி இல்லை. வாரங்கள் போயின. புண்தான் மிச்சம். ஒருநாள் குளிக்கும்போது அழுதேன். பெறத்தான் முடியவில்லை என்றால் இதுவும் ஏலாதா இந்த உடம்புக்கு?

"விடுவமே?" என்று இவர் கேட்டார்.

"அவள் விடேல்லையே," என்றேன்.

பிறகு ஒரு நாள். நாலாம் வகுப்பில் வாய்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஓர் ஆட்டுக்குட்டி தாயைத் தேடிக் கத்தியது. மார்பில் ஊசி குத்துவது போல ஒரு கூச்சம். சட்டை ஈரம். என்னடா இது, வேர்வையா? குனிந்து பார்த்தேன். ஆட்டுக்குட்டியின் குரலுக்கு என் உடம்பு அவசரப்பட்டுப் பதில் சொல்லியிருக்கிறது!

வாய்பாடு பாதியில் நின்றது. ஓடினேன். தபாற் கந்தோர் வாசலில் நல்ல சனம். இவர் உள்ளே முத்திரை குத்திக்கொண்டிருந்தார். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ! பால் வந்திட்டுது!"

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தீவுக்குப் பால்மா வந்து பல கிழமை. ரீச்சரே தலைவிரி கோலமாக ஓடிவந்து "பால் வந்திட்டுது" என்றால்... சனம் கலைந்தது. சைக்கிள் உள்ளவர்கள் சைக்கிளில், இல்லாதவர்கள் ஓட்டத்தில், எல்லோரும் இறங்குதுறைக்கு! சங்கக்கடை மனேச்சரே சாவிக்கொத்தோடு முன்னால் ஓடினாராம்.

உள்ளே பவானியைத் தூக்கி அணைத்தேன். ரியூப் இல்லை, கோப்பை இல்லை. சூப்பினாள். ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு விழுங்கும் சத்தம் கேட்டது. கிளுக்... கிளுக்... அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். இவர் பழக்கதோசத்தில் வெறும் கையை உயர்த்திப் பிடித்தபடி பக்கத்தில் நின்று அழுதார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே பெரிய இரைச்சல். வெயிலில் ஓடிக் களைத்த கூட்டம் திரும்பியிருந்தது.

"லோஞ்சும் இல்லை, ஒண்டும் இல்லை! எங்கை பால்?" மனேச்சர் கத்தினார்.

இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அரசாங்க உத்தியோகத்தருக்குரிய குரலில் அறிவித்தார்.

"பால் வந்தது உண்மைதான். ஆனால் சங்கக்கடைக்கு வரேல்லை."

திரேசம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மனேச்சர் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. பாவம், அதிக தூரம் ஓடியவர் அவர்தான்.

மச்சாள் அறைக்குள் வந்தார். பவானியின் கடைவாயில் நின்ற வெள்ளைத் துளியைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். பின்னேரம் குசினியில் ஏதோ மணம். எட்டிப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு, வாழ்நாளில் மீன் தொடாத மனிசி, சுறா வறை கிண்டிக்கொண்டிருந்தார்.

"சிரியாதை," என்றார். "பிள்ளைக்குத்தான்."

முழுப் பாலும் எனக்கு வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். கடைசிவரை பாதி கோப்பை, பாதி நான். டொக்டர் சொன்ன "கொஞ்சம்" அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது. பெற்றவள் உயிர் கொடுத்தாள். பசு, சுறா, திரேசம்மா, மச்சாள் என்று மீதியை எத்தனையோ பேர் கொடுத்தார்கள். தாய்மை என்பதை ஓராள் தனியாகச் செய்து முடித்த வீடு எங்கேயாவது உண்டா?

பவானிக்கு எல்லாம் சொல்லித்தான் வளர்க்கிறோம். இந்தக் கதையையும் நேற்று முழுதாகச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டாள். கண் கலங்கினாள். நானும் நெகிழ்ந்துபோய் ஒரு கோப்பை பால் ஆற்றி நீட்டினேன்.

"ஐயோ அம்மா, எனக்குப் பால் எண்டாலே பிடிக்காது!"