கோயில் பனையில் மாட்டிய கலயம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற பனையில் ஒரு மண்கலயம் ஐந்து வருஷம் இருந்தது. காய்ந்த மட்டைகளுக்கு இடையில் மாட்டிக்கொண்ட கலயம். மத்தியானக் காற்று கிளம்பினால் அது மட்டையில் முட்டும். அடுக்களையில் நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும், கிணற்றடியில் நின்றாலும் கேட்கும். அம்மா கையில் பிடித்த அகப்பையோடு ஒரு நிமிஷம் நிற்பாள். பிறகு ஒன்றும் கேட்காதவள் மாதிரிக் கிண்டத் தொடங்குவாள். அதை இறக்க யாரும் ஏறவில்லை.

அது கோயில் பனை. எங்கள் சபையில் பனை ஏறுகிறவர்கள், பத்து மரத்துக்கு ஒன்றை ஆண்டவருக்கு என்று ஒதுக்கி, அடியில் சுண்ணாம்பால் சிலுவை போட்டுவிடுவார்கள். அந்த மரத்து அக்கானியை, அதாவது பதநீரை, தனியாகக் காய்ச்ச வேண்டும். அந்தக் கருப்பட்டியைத் தனிப் பெட்டியில் அடுக்கி, அறுப்பின் பண்டிகையன்று கோயிலில் கொண்டு வைக்க வேண்டும். அப்பா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்து ஏறிய முப்பது மரத்தில் மூன்றுக்குச் சிலுவை உண்டு. வேதத்தில் இதற்கு உள்ள தசமபாகம் என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. ‘சிலுவ மரம்’ என்பார், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பா கோயிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் விரித்திருப்பது வேறு பக்கம் என்று பெண்கள் பக்கத்தில் இருந்தே எனக்குத் தெரிந்துவிடும். முகம் சுடும். நான் கிணற்றுக்குப் போனால், “வாத்திச்சி வாறா, வழி விடுங்கட்டி” என்று பெண்கள் கேலி செய்வார்கள். அது கேலி என்று தெரிந்தும் நிமிர்ந்துதான் நடப்பேன். ஓய்வுநாள் பள்ளியில் எனக்குப் பரிசாக வந்த வேதபுத்தகம்தான் எங்கள் வீட்டின் முதல் புத்தகம்.

சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு அப்போது பதினான்கு வயது. வைகாசி கடைசியில் சாரல் பிடித்தது. அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பனைத்தொழிலில் காய்ச்சலுக்கு விடுப்பு கிடையாது. பாளையைக் காலையும் மாலையும் சீவிவிட வேண்டும். மூன்று நாள் தவறினால் பாளை காய்ந்துவிடும். பிறகு அந்த வருஷம் அந்த மரத்தில் ஒரு சொட்டு இறங்காது.

மூன்றாம் நாள் காலையில் அப்பா கட்டிலில் எழுந்து இருந்தார்.

“முப்பதும் ஏற எனக்கு ஆவாது. சிலுவ மரம் மூணையும் இந்த வருசம் விட்டுருவோம். ஆண்டவரு கோவிச்சுக்கிட மாட்டாரு.”

“அவருக்குள்ளத விட்டுட்டு நமக்குள்ளதுல ஏறினா நல்லாவா இருக்கும்?” என்றாள் அம்மா. “நமக்குள்ளதுல மூணை விடுங்க.”

“விட்டா பாட்டம் ஆரு குடுப்பா? நீ குடுப்பியா?”

“எனக்கென்ன தெரியும்? வீட்டுல ஒரு வாத்திச்சிய வளத்து வச்சிருக்கேள்லா, அவகிட்ட கேளுங்க.”

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. “ஏட்டி, உனக்க பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கு? குடுத்தேதான் ஆவணுமா?”

என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் பெரிய கேள்வி அது. அதற்கு எனக்கு இரண்டு இடங்கள் தெரியும். ஒன்று பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கங்களில் வருவது. பத்தில் ஒன்றைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது ஆண்டவரிடமே களவாடுவது என்று அங்கே தீர்க்கதரிசி சொல்கிறார். மற்றது புதிய ஏற்பாட்டில், சபைக்கு எழுதிய கடிதமான ஒரு நிருபத்தில் இருக்கிறது. அவரவர் மனதில் தீர்மானித்ததைக் கொடுக்கலாம், வருத்தத்தோடும் வேண்டாம், கட்டாயத்தினாலும் வேண்டாம் என்று அது சொல்கிறது. முந்தின வாரம்தான் அதை நானே வகுப்பில் எழுந்து நின்று வாசித்திருந்தேன்.

நான் முதலாவதைத்தான் திருப்பினேன். பயபக்தியினால் அல்ல. அது உரக்க வாசிக்க நன்றாக இருந்தது. கேள்வியும் அதட்டலுமாக வரும் பகுதி, குரலை ஏற்றி இறக்கலாம். மற்றது மெல்லச் சொல்லும் வசனம். அதில் என் வாசிப்பு எடுபடாது.

வாசித்து முடித்தேன். அடுப்பின் முன் இருந்த அம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள்.

“களவுன்னே போட்டிருக்கா?” என்றார் அப்பா.

“களவுதான்ப்பா.”

“செரி.”

காலுக்குப் போடும் தளைநாரை எடுத்தார். அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டினார். சிலுவை மரத்தில் இருந்தே தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தை மூடவில்லை. அந்தப் பகுதியையே இன்னொரு தடவை, இன்னும் நன்றாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஈர மட்டை விழுந்தது என்று நினைத்து அந்த வரியை முடித்தேன். அம்மா ஓடினாள். நான் வரியை முடித்த பிறகுதான் எழுந்தேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். இடுப்பு எலும்பு சேரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து கட்டை வண்டியில் கொண்டுவந்து இறக்கினோம். அதன் பிறகு அவர் இருந்த இடத்தில் இருந்தபடியே ஓலைப்பெட்டி முடைந்தார். மற்ற மரங்களை வேறொருவர் பாட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற மரத்தை மட்டும் அந்த ஆள் தொடவில்லை. அப்பா பாளையில் கட்டிவிட்டு விழுந்த கலயம் மட்டைகளில் சிக்கி மேலேயே இருந்தது. அம்மா தேங்காய் மட்டையில் தும்பு அடிக்கப் போனாள். என் படிப்பு நிற்கவில்லை. ஆசிரியப் பயிற்சிக்குச் சபை உதவியது. பிறருடைய சிலுவை மரங்களில் இருந்து வந்த கருப்பட்டியும் அந்த உதவியில் இருந்திருக்கும். அதை நினைத்துக்கொண்டேதான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன்.

பார்க்க வருகிற எல்லாரிடமும் அப்பா ஒன்றையே சொன்னார். “சிலுவ மரத்த விட்டுரணும்னு மனசுல நெனச்சேன்லா. ஆண்டவரு ஒரு தட்டு தட்டினாரு.” ஞாயிறு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, “அந்த இடத்த வாசி மக்கா” என்பார். நான் வாசிப்பேன். பின்னால் கலயம் முட்டும்.

பயிற்சி முடியும் காலத்தில் எங்கள் சபை உபதேசியாரிடம் கேட்டேன். “இந்தக் காலத்துல கிறிஸ்தவங்க தசமபாகம் குடுத்தேதான் ஆவணுமா?”

அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “ஆவணும்னு சொன்னா வேதத்துக்கு அஞ்சணும். வேண்டாம்னு சொன்னா எனக்க வீட்டுக்காரிக்கு அஞ்சணும். அதுலல்லா எங்க அடுப்பு எரியுது.” பிறகு சிரிப்பை நிறுத்தினார். “நியாயப்பிரமாணம் யூதங்களுக்கு உள்ளது பிள்ள. நமக்கு மனசுதான். மனசில்லாம குடுத்தா அது காணிக்க இல்ல, வரி.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. பதினான்கு வயதிலேயே தோன்றியிருந்தது. அதுதான் என்னை விடவில்லை.

இந்த வருஷம் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தோடு சனிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அம்மா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “கோயிலுக்குள்ளத மாத்தி வச்சியா?” என்று கேட்டாள். மறுநாள் சாயங்காலம் அப்பா, “அந்த இடத்த வாசி மக்கா” என்றார்.

நான் நிருபத்தைத் திருப்பினேன். மெதுவாக வாசித்தேன்.

“இது அந்த இடமில்லல்லா.”

“இல்லப்பா.”

“இன்னொருக்க வாசி.”

வாசித்தேன். அவர் முடைந்துகொண்டிருந்த பெட்டியை மடியில் வைத்தார். “கட்டாயமில்லன்னு போட்டிருக்கு.”

“ஆமாப்பா.”

“அண்ணைக்கும் இது பொஸ்தகத்துல உண்டா?”

“உண்டு.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் ஒரு ஓலையை எடுத்து நகத்தால் கிழித்தார். ஒரு வரிசை முடைந்து முடித்தார்.

“களவுன்னு கேட்டுப் பயந்து ஏறினேன்னு நெனச்சியா?” என்றார். “எனக்கு ஒரு பயமும் வரல்ல. நீ வாசிச்ச, ஒரு எழுத்துல தட்டல்ல. எனக்க பிள்ள வாசிக்கா. அதக் கேட்டுட்டு நான் எப்படி கட்டில்ல கெடக்க?”

“பின்ன ஏன்ப்பா ஆண்டவரு தட்டினாருன்னு எல்லார்ட்டயும் சொன்னீங்க?”

“வேற ஆர சொல்ல?” என்றார் அப்பா.

அடுத்த நாள் ஓர் ஆளைக் கூட்டிவந்து கலயத்தை இறக்கச் சொன்னேன். அக்கானி புளிக்காமல் இருக்க உள்ளே பூசிய சுண்ணாம்பு அடியில் கெட்டியாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் குளவி கூடு கட்டியிருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சம்பளத்தில் இருந்து கோயிலுக்குக் கொடுத்தேன். பத்தில் ஒன்று என்று பிரிக்கவில்லை, கையில் வந்ததை எடுத்துப் போட்டேன்.

வீட்டில் இப்போது அந்தச் சத்தம் இல்லை. எனக்கு வகுப்பில் கேட்கிறது. ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து நின்று, எங்கும் தட்டாமல், குரலை ஏற்றி வாசிக்கத் தொடங்கினால் கேட்கிறது. இரு, போதும் என்று சொல்லிவிடுகிறேன். நன்றாகத்தானே வாசித்தேன் என்பது போல அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கிறது.