ஆறா, மூணா

வெர்லீன் காஸ்னெலுக்குக் கை சும்மா இருந்தால் பிடிக்காது. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் எட்டு மணி நேரம் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுவிட்டு வந்த பிறகும் அவள் விரல்கள் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை மதியங்களில் அந்த விரல்களுக்குப் பென்சில் கிடைத்தது. 1949 கோடையில் அந்தத் தெற்கு கரோலினா மில்லின் பேஸ்பால் அணிக்கு ஸ்கோர் எழுதியது அவள்தான்.

அணியின் பெருமை அடிக்கிறவர்களால் வந்ததல்ல. பேஸ்களைக் காத்து நின்ற நால்வரால் வந்தது. மூன்றாம் பேஸில் ஹோய்ட், இரண்டாம் பேஸில் டாயில், இருவருக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப்பாக ஃபர்மன் காத்ரன், முதல் பேஸில் வெர்லீனின் கணவன் டெல்மர். பத்தொன்பது ஆட்டங்களாக இந்த நால்வர் பெயரிலும் ஒரு பிழைகூட எழுதப்படவில்லை. முடிதிருத்தும் கடையில் சிகாகோ அணியின் பழைய நால்வரையும் பிலடெல்பியா அணியின் நால்வரையும் நிறுத்தி இவர்களோடு ஒப்பிடுவார்கள். பேச்சு கடைசியில் ஒருவர் தொப்பியை மற்றவர் தட்டிவிடுவதில் முடியும்.

இருபதாவது ஆட்டம். ஏழாம் சுற்று. பந்து தரையோடு சீறி வந்தது. ஃபர்மன் வலப்பக்கம் பாய்ந்து விழுந்து பிடித்தான், எழுந்து எறிந்தான். முதல் பேஸில் புழுதி கிளம்பியது. டெல்மரின் கையுறையிலிருந்து பந்து நழுவி உருண்டது. அடித்துவிட்டு ஓடி வந்தவன் அவுட்டாகாமல் பிழைத்துக்கொண்டான்.

கூட்டம் ஒரே குரலில் "ஐயோ ஃபர்மன்!" என்றது. பந்து தாழ்வாகப் போய்த் தரையில் பட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். வெர்லீன் உட்கார்ந்திருந்தது முதல் பேஸுக்கு நேர் எதிரில். பந்து தரையில் படவில்லை. நெஞ்சு உயரத்துக்கு, அளந்து கொடுத்த மாதிரி வந்தது. டெல்மர் கையைத் தாமதமாகத் தூக்கினான். புழுதி அவன் காலால் எழுந்தது.

அப்போது டெல்மர் அவள் மேஜையைப் பார்த்தான். அவள் ஸ்கோர் எழுதிய நான்கு வருடங்களில் ஆட்ட நேரத்தில் ஒருமுறைகூட அவன் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

ஸ்கோர் தாளில் ஷார்ட்ஸ்டாப்புக்கு எண் ஆறு, முதல் பேஸுக்கு மூன்று. வெர்லீன் "பிழை 6" என்று எழுதினாள். தவறு மூன்றுடையது என்று தெரிந்தேதான் எழுதினாள்.

தாளை ஞாயிறு மாலை ஐந்து மணிப் பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்தால் அது நகரத்துப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். திங்கட்கிழமை அச்சாகிவிடும். அடுத்த சனிக்கிழமை ஃபர்மனைப் பார்க்கத் தொழில்முறை அணியிலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு. அந்த ஆளின் கையில் பத்திரிகை இருக்காதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எந்தப் பாட்டைப் பாடினோம் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வீட்டுக்கு வந்து சோள ரொட்டியை அடுப்பில் வைத்தாள், மறந்தாள், கருகிய பிறகு எடுத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். தாள் ரேடியோவுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. டெல்மரும் நிலைகொள்ளாமல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். நடந்தவன் இடப்பக்கமிருந்த நாற்காலியில் இடித்துக்கொண்டான்.

இரண்டு வருடமாக அந்த வீட்டில் நாற்காலிகள் இடிபட்டுக்கொண்டிருந்தன. முரட்டு நடை என்று அவள் திட்டுவாள். இப்போது அவள் திட்டவில்லை. அவன் இடப்பக்கமாகப் போய்ச் சத்தமில்லாமல் நின்று, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கையை ஆட்டினாள். அவன் கண் அசையவில்லை.

"டெல்மர்."

அவன் துள்ளித் திரும்பினான். "எப்ப வந்த நீ?"

"எத்தனை நாளா?"

"எது எத்தனை நாளா?"

"நடிக்காத. அந்தக் கண்ணு."

அவன் உட்கார்ந்தான். தறியில் நூலோடு குறுக்கே ஓடும் மரக்கட்டையான நாடா தெறித்து நெற்றியோரம் அடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது என்றான். அந்த அடி பட்ட மாதம்தான், பந்து ஆடுகிறவன் என்பதற்காக, அவனைத் தறிக்கூடத்திலிருந்து துணி மடிக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். நோகாத வேலை.

"ஆடலேன்னா அந்த வேலை போயிடும், வெர்லீன். திரும்பத் தறிக்கு அனுப்புவான். ஒத்தக் கண்ணோட அந்த நாடாவுங்களுக்கு நடுவுல நிக்கச் சொல்றியா?"

"அதுக்கு ஃபர்மன் தலையில கட்டச் சொல்றியா?"

"நானா எழுதினேன்? நீதான எழுதின."

அவள் சட்டியை ஓங்கி வைத்தாள்.

மூன்று மணிக்கு ஃபர்மனே வந்து நின்றான். சட்டையெல்லாம் வியர்வை. காலையிலிருந்து மில் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தானாம். வேகவைத்த கடலைப் பொட்டலம் ஒன்றை மேஜையில் வைத்தான். உட்காரவில்லை.

"சண்டை போட வரலக்கா," என்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, அவளுக்கு முப்பது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எவ்ளோ கீழ போச்சு அந்தப் பந்து? கையை விட்டுப் போறப்ப எனக்கு நேராத்தான் தெரிஞ்சுது. அதுதான் பயமா இருக்கு. தப்பா போறதுகூட நேராத் தெரியுதுன்னா, நான் எதை நம்பி எறியறது?"

டெல்மர் கடலையை உரித்தான், தின்னவில்லை.

"சரி விடுங்க. டெல்மர் அண்ணே, நாளைக்குச் சாயங்காலம் கொஞ்சம் நின்னு பிடிக்கிறீங்களா? ஒரு நூறு எறிஞ்சாச் சரியாயிடும்."

"பார்ப்போம்டா," என்றான் டெல்மர்.

ஃபர்மன் படியிறங்கியதும் வெர்லீன் தாளை எடுத்து விரித்தாள். ஆறை அடித்துவிட்டு மூன்று என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள். டெல்மர் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"பொண்டாட்டியே எழுதிட்டா, ஊரு என்ன சொல்லும் தெரியுமில்ல?"

"தெரியும்."

பஸ் நிறுத்தம்வரை அவள் நடக்கவில்லை, ஓடினாள். டிரைவரிடம் தாளைக் கொடுத்த பிறகும் கால் நிற்கவில்லை. மில்லைச் சுற்றி ஒரு முழுச் சுற்று வந்துதான் வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமை காலைச் சங்கு ஊதுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நூல் சுற்றும் பிரிவில் ஓபல் என்கிறவள் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்: "என்னடி வெர்லீன், ரொட்டி கருகிப்போச்சுன்னு அவன் திட்டினானா? பேப்பர்ல போட்டுப் பழி வாங்கிட்ட!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி ஃபர்மனையும் அவளையும் சேர்த்து ஏதோ சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். வெர்லீன் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மதியம் டெல்மர் தானாகவே மில் மேனேஜர் லெட்பெட்டரிடம் போனான். "இடது கண்ணு போச்சு சார். முதல் பேஸுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க." லெட்பெட்டர் நல்ல மனிதர்தான். தறிக்கு அனுப்பவில்லை. பஞ்சறையில் கூட்டும் வேலைக்கு அனுப்பினார். சாயங்காலம் இமையெல்லாம் பஞ்சோடு வீட்டுக்கு வந்த டெல்மர் அவளோடு பேசவில்லை. அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

சனிக்கிழமை வந்தது. வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் மூன்றாம் வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தார். முதல் பேஸில் வெண்டல் என்ற புது ஆள். நெட்டையன், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறவன். இடமும் வலமும் பார்த்துப் பார்த்து நின்றான்.

இரண்டாம் சுற்றில் ஃபர்மன் எறிந்தது வெண்டலுக்கு முன்னால் தரையில் பட்டு எகிறியது. வெண்டல் குனிந்து துழாவினான், பந்து அவன் காலிடுக்கில் போய்விட்டது. வெர்லீன் "பிழை 6" என்று எழுதினாள். நான்காம் சுற்றில் மறுபடி. ஆறாம் சுற்றில் மறுபடி. மூன்றும் மண்ணில் பட்டவை. சந்தேகமே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஃபர்மனின் எறி எப்போதுமே இப்படித்தான். பாய்ந்து பிடிப்பதில் அவனுக்கு ஈடில்லை. அவசரத்தில் எறிகிறபோது பந்து தாழ்ந்துவிடும். நான்கு வருடமாக அதை மண்ணிலிருந்து வாரி வாரி எடுத்தது டெல்மர். எடுத்துவிட்டால் தாளில் அதற்கு ஒரு குறியும் கிடையாது. ஹோய்டின் எறிகளும், டாயிலின் எறிகளும்கூட அப்படித்தான் தேறியிருக்கின்றன. தன் கையாலேயே எழுதிய அவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

வேலியோரம் டெல்மர் நின்றிருந்தான். உட்காரச் சொன்னவர்களிடம் எரிந்து விழுந்தான். பந்து முதல் பேஸுக்குப் பறந்தபோதெல்லாம் அவன் இடது கால் முன்னே நீண்டது, இடது கை கீழே போனது.

எட்டாம் சுற்றில் வைக்கோல் தொப்பிக்காரர் எழுந்து போய்விட்டார்.

ஆட்டம் முடிந்ததும் ஃபர்மன் நேராக வேலிக்கு வந்தான். முகம் சிவந்திருந்தது.

"இத்தனை நாளும் இப்படித்தான் எறிஞ்சேனா?"

"பாதி," என்றான் டெல்மர். "மீதி நல்லாத்தான் இருக்கும்."

"ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?"

"நான்தான் எடுத்துட்டேனே. அப்புறம் என்னத்தச் சொல்றது?"

ஃபர்மன் வேலிக் கம்பியைக் காலால் உதைத்தான். "போன வாரம் ஒண்ணே ஒண்ணு நேரா எறிஞ்சேன். அதைப் போய் விட்டீங்க," என்றான். சொன்னவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டெல்மர் சிரிக்கவில்லை. கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

ஃபர்மனை எந்த அணியும் அழைக்கவில்லை. குளிர்காலம் முழுக்கச் சுவரில் எறிந்து எறியைச் சரிசெய்தான். ஆனால் அந்தத் தொப்பிக்காரர் அந்த வழி மறுபடி வரவில்லை. பின்னாளில் ஃபர்மன் தறி பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான். அந்த வருடம் அணி மூன்றாம் இடத்தில் முடிந்தது. டெல்மர் பஞ்சறையிலேயே இருந்தான். வெர்லீன் மேலும் பதினொரு வருடம் ஸ்கோர் எழுதினாள்.

அந்தச் சனிக்கிழமை தாளில் கணக்கைக் கூட்டி முடித்து அவள் எழுந்தபோது டெல்மர் காத்திருந்தான். அவள் அவனுடைய இடப்பக்கமாகப் போய்ச் சேர்ந்து நடந்தாள். மில் வாசலைத் தாண்டினார்கள்.

"அந்த மூணாவது பந்து," என்றான் திடீரென்று. "அது வெண்டல் பிழை. பந்து கையுறைக்குள்ள போயிட்டு வந்துச்சு."

"மண்ணுல பட்டுத்தான வந்துச்சு? ஆறுதான்."

"நான் எடுத்திருப்பேன்."

"நீ எடுத்திருப்ப. எல்லாரும் நீ இல்ல."

"சட்டம் தெரியுமா உனக்கு?"

"உன்னைவிட நல்லாத் தெரியும். குழி இருக்கு, பார்த்து நட."

வீடு வரும்வரை இருவரும் வாதத்தை விடவில்லை.