கதவுக்கு ஒரு படம்

நெளுக்குளத்துப் பராமரிப்பு இல்லத்தில் விறாந்தையோரக் கதவுகள் எல்லாம் ஒரே நீலம். கதவுகளில் எண்கள் இருந்தன. அங்கிருந்தவர்களில் பலருக்கு எண் பிடிபடாது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு படம் வரைந்து தரும்படி, பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் என்னைப் பொறுப்பாளர் கேட்டிருந்தார்.

என் கவலையெல்லாம் ஓர் அம்மாவைப் பற்றியது. தலையில் பட்ட அடிக்குப் பிறகு அவருக்கு வழி நினைவில் நிற்பதில்லை. பிறர் கட்டிலில் போய்ப் படுத்துவிடுவார். மாத முடிவுக்குள் தம் அறையைத் தாமே கண்டடையாவிட்டால், பூட்டி வைத்துப் பராமரிக்கும் தொலைதூர இல்லம் ஒன்றுக்கு அவரை அனுப்புவதாக முடிவாகியிருந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து பஸ்ஸில் வந்து பார்க்கும் அவருடைய தங்கையால் அவ்வளவு தூரம் போய்வர இயலாது.

அவருடைய சன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு நின்றது. பகலெல்லாம் அதையே பார்த்திருப்பார். ஆகவே வேப்பங்கொத்து ஒன்றை வரைந்து, யாரும் கிழிக்காதபடி கதவு நிலைக்கு மேலே ஒட்டினேன். அதன்பின் அவர் சரியான கதவுவரை வந்தார், அண்ணாந்து பார்த்தார், திரும்பிப் போனார். ஒவ்வொரு முறையும் பராமரிப்பாளர் அக்கா அருகில் நின்றார். அம்மா போய்விட்டால் அக்காவின் வேலை பாதியாகக் குறையும். எனக்குச் சந்தேகம் வந்தது.

"அக்கா, அவாவுக்கு ஏதும் சொன்னனீங்களோ?"

"நான் என்னத்தைச் சொல்ல? உம்மட படத்தைக் கண்டுதான் மனுசி ஓடுது. அவ்வளவு வடிவாக் கீறியிருக்கிறீர்."

நான் விறாந்தையில் புத்தகத்தை விரித்தபடி அக்காவையே கவனித்திருந்தேன். அம்மா வந்தார், நிமிர்ந்து பார்த்துப் பின்வாங்கினார். கையைப் பிடித்து உள்ளே அழைத்தேன்.

"விடு பிள்ளை! உள்ளுக்கை ஆருக்கோ அம்மாள் வந்திருக்கு. வேப்பிலை கட்டியிருக்கிறது தெரியேல்லையே? குளிக்காமல் கொள்ளாமல் போகலாமே?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் தம்பிக்கு அம்மை கண்டபோது எங்கள் வீட்டு வாசலிலும், அதே உயரத்தில்தான், வேப்பிலை கட்டியிருந்தோம். வந்தவர்கள் வேலிப் படலையைத் திறக்காமலே திரும்பினார்கள். வழியை மறந்தவர் அதை மறக்கவில்லை.

படத்தைக் கிழித்தேன். அம்மாவின் தங்கை தம் பழைய செம்மஞ்சள் பூச்சேலை ஒன்றைக் கொண்டுவந்தார்; அதில் ஒரு துண்டைக் கதவுப் பிடியில் கட்டினேன்.

பொறுப்பாளர் பார்க்க வந்த மத்தியானம், அம்மா விறாந்தையின் நடுவில் சற்றுத் தயங்கினார். பிறகு நடந்தார், துணியைத் தொட்டார், உள்ளே போய்க் கட்டிலில் அமர்ந்தார்.

"சரி, அவா இஞ்சையே இருக்கட்டும்" என்றார் பொறுப்பாளர்.

தங்கை என் இரு கைகளையும் பற்றினார். அவருடைய தோளுக்கு அப்பால், விறாந்தையின் மறுமுனையில், அக்கா உயர்த்திய கையைச் சட்டென்று இறக்குவதைக் கண்டேன்.

"கை காட்டினனீங்களோ அக்கா?"

"நுளம்பு கலைச்சனான்."

அந்த வெயிலில் கடிக்கப் பறக்கும் நுளம்பு எதையும் நான் காணவில்லை. மறுநாள் அக்காவுக்கு விடுமுறை. யாரும் கை காட்டாமல் அம்மா தம் அறைக்கு வருகிறாரா என்று பார்க்க நான் காலையிலேயே போய், விறாந்தையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தேன்.