மஞ்சள் பூசாத முகம்

அண்ணி வீட்டுக் குளியலறையில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் உண்டு. மஞ்சள் குழைப்பதற்கென்றே வைத்திருப்பது. இன்றும் அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கிண்ணத்தின் மேல் கோபப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். என் மேல் வரவேண்டிய கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணி பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைப்பவர். வீடு இருக்கும் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவார். மோட்டார் சைக்கிள் விபத்தில் அண்ணன் பிழைத்ததற்காக மூன்று தைப்பூசம் பத்துமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். இது நடந்தது மூன்றாவது வருடம். விரதம் தொடங்கிவிட்டால் ஒருவேளைச் சோறு, தரையில் படுக்கை, காலையில் குளித்ததும் முகம் நிறைய மஞ்சள். அந்த முறை இரண்டாவது வாரத்திலேயே ஸ்டேஷன் படியேற அவருக்கு மூச்சு வாங்கியது. நானோ ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். வீட்டில் வேறு யாரிடம் கேட்பார்கள்? விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துச் சின்னக் கருவியில் பார்த்தேன். ரத்தம் குறைவு. "விரதந்தான் அண்ணி. இரும்புச் சத்து பத்தல, அவ்ளோதான் லா," என்று சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

ரத்தச்சோகை ஒரே நோயல்ல என்பது லேபில் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துவிடும். இரும்புச் சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுக்கும். ஆள் வெளுப்பாரே தவிர மஞ்சளாக மாட்டார். தலசீமியா பிறவியோடு வருவது. குடும்பத்தில் விசாரித்தால் பெரும்பாலும் தடம் கிடைக்கும். ரத்தம் உள்ளுக்குள்ளேயே உடைகிறது என்றால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும். இதையெல்லாம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா, ஒண்ணுக்கு தே ஓ கலர்ல போவுது." பாலில்லாத தேநீர் நிறம். மாத்திரையால் இருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னேன். இரும்பு மாத்திரை மலத்தைத்தான் கறுக்கவைக்கும், சிறுநீரை அல்ல. அது எனக்குத் தெரியாதா? தெரியும். அண்ணியும் மருத்துவரிடம் போக விரும்பவில்லை. அட்மிட் பண்ணிவிட்டால் விரதம் முறிந்துவிடுமே என்ற பயம். முகத்திலும் கழுத்திலும் மஞ்சள், உடுத்தியது மஞ்சள் சேலை. அதற்கு நடுவே கண்ணும் மஞ்சளாகிக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

தையல் கடையில் மயங்கி விழுந்ததாகக் கடைக்காரம்மா போன் செய்தார். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தோம். அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். மஞ்சள் துணியோடு போயிற்று. கண்ணில் இருந்தது போகவில்லை.

ரத்தம் ஏற்றலாம் என்றால் எந்தப் பையும் அவர் ரத்தத்தோடு ஒத்துப்போகவில்லை. கண்ணாடித் தகட்டில் பார்த்தால் சிவப்பணுக்கள் நடு வெளுப்பில்லாமல் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கிடந்தன. அடுத்தது கூம்ப்ஸ் பரிசோதனை, சிவப்பணுக்கள் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. அதை நான் செய்யவில்லை. உடன் வேலை செய்யும் அக்கா செய்தார், நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கழுவிய சிவப்பணுக்களில் ஒரு சொட்டு மருந்து விட்டுச் சுழற்றிக் குழாயைச் சாய்த்தால், சாதாரண ரத்தம் கலங்கி ஓடும். அண்ணியுடையது ரவை ரவையாகத் திரண்டு நின்றது. காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே சொந்த ரத்தத்தை அழித்துக்கொண்டிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. இரும்பு மாத்திரை இதற்கு என்ன செய்யும்?

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இருப்பதில் ஓரளவு ஒத்துப்போன பையைத் தேடி, பயந்து பயந்து, சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அண்ணி பிழைத்தார். தைப்பூசத்தன்று அவர் வார்டில் படுத்திருந்தார், மருந்தால் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அண்ணியோ, "நீ என்ன சாமியா, எல்லாத்தயும் பாக்குறதுக்கு?" என்றார். அந்தப் பதில் என்னை ஆற்றவில்லை. இப்போதும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். சிலர் முறைக்கிறார்கள்.

நோய் அடங்கியிருக்கிறது, மறுபடி வரலாம் என்கிறார் மருத்துவர். பாக்கியிருக்கும் பால்குடத்தை இந்த வருடம் எடுக்க அனுமதியும் கொடுத்துவிட்டார். விரதம் தொடங்கிய நாளிலிருந்து தினமும் காலையில் என் போனுக்கு ஒரு படம் வருகிறது: கீழ் இமையை இழுத்துப் பிடித்த ஒரு கண். நான் பெரிதாக்கிப் பார்த்து, வெள்ளை என்று பதில் போட்ட பிறகுதான் அண்ணி ரயிலேறுவார்.

போன ஞாயிறு அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். கிண்ணத்தில் மஞ்சள் ஈரமாகக் குழைந்திருந்தது. மறுபடியும் முகத்தில் பூசிக்கொள்ளத்தான் என்று நினைத்தேன். அண்ணி குளித்துவிட்டு வந்தார், முகத்தில் மஞ்சளே இல்லை.

"சாமி கோவிச்சுக்காதா அண்ணி?"

அவர் சேலையை லேசாகத் தூக்கிக் காட்டினார். இரண்டு பாதங்களும் மஞ்சள் மஞ்சளாக இருந்தன.

"சாமிக்குக் கால்ல பூசிட்டேன் லா. மூஞ்சி ஒனக்கு."