இறால் வைத்த பரீட்சை

பழவேற்காடு ஏரியோரம் மருத்துவமனைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் அவர் ஆபரேட்டர். கறுத்த முகம், சட்டைப்பையில் எப்போதும் ஓர் உப்புப் பொட்டலம். தினமும் பக்கத்து மீனவக் கிராமமான பசியாவரத்திலிருந்து உயிரோடு பத்து இறால் கொண்டுவருவார். சுத்திகரித்த நீரில் ஏரித் தண்ணீர் அளவுக்கு உப்பைக் கரைத்து, அவற்றை விட்டுப் பார்ப்பார்.

அன்றுதான் முதன்முதலாக நீரை ஏரிக்குத் திறக்கவேண்டும். மருந்து எச்சத்தைச் சிதைக்கப் பெராக்சைடு கலந்து, புற ஊதா விளக்கடியில் விட்ட நீர். எச்சம் துளியும் இல்லை என்றது, நிலையத்தின் வேதியியலாளரான என் சோதனை. திறப்பு அனுமதித் தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தேன். அதே நீரில் அவர் விட்டிருந்த இறால்கள் பக்கத்து வாளியிலிருந்து துள்ளி என் காகிதத்தின்மேலேயே விழுந்தன. இருவரும் தரையில் தவழ்ந்து பிடித்தோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

"மருந்து பூட்ச்சு சார். அத்த கொல்ல நீங்க ஊத்துனது இன்னும் கீது," என்றார்.

சோதித்தேன். பெராக்சைடு மிச்சமிருந்தது. அதையும் நீக்கியபின் இறால்கள் நிம்மதியாக நீந்தின.

"இன்னைக்கு எறா தொக்கா?" என்றேன்.

"இன்னா சார், கூட வேல செய்றவங்கள துன்னுவாங்களா?" என்றபடி அவற்றை ஏரியில் விடப் போனார்.

இப்போதெல்லாம் மெஸ்ஸில் இறால் தொக்கு வைத்தால், இது எந்த ஷிஃப்ட்டோ என்று யோசித்து, ரசத்துக்கு மாறிவிடுகிறேன்.