மாஸ்டர்மஷாயின் தாளில் நான் வாசிக்காத பத்தி

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பவானிபூரில் எல்லோரும் அவரை மாஸ்டர்மஷாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்த மறுவாரமே வீட்டுக்கு வீடு வங்காளியில் அச்சடித்த ஒரு தாள் வந்துவிடும். எந்த மசோதாவை ஆதரித்தேன், எதை எதிர்த்தேன், அடுத்து என்ன வரப்போகிறது என்று வகுப்பில் பாடம் நடத்துவது போலவே எழுதியிருப்பார். ஒருமுறை, 'அன்று எனக்கு வயிற்றுப்போக்கு, வாக்களிக்கவில்லை' என்றுகூட எழுதியிருந்தார். அரசியல்வாதி என்றாலே எனக்கு எரிச்சல் வரும். இவரிடம் மட்டும் வராது.

எங்கள் சந்தில் ஆறு தமிழ் வீடுகள். துறைமுகத்துக்கும் மத்திய அரசு அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். பெரியவர்களுக்குக் காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற அளவுக்கு வங்காளி வரும், வாசிக்க வராது. பிள்ளைகளுக்கு வாசிக்க வரும். ஆனால் அந்தத் தாளை அவர்கள் பஜ்ஜி எண்ணெய் ஒற்றத்தான் எடுப்பார்கள். நான் அப்போது முப்பது வயது அரசாங்கக் குமாஸ்தா, வங்காளிப் பள்ளியில் படித்தவன். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தாளை எல்லோருக்கும் தமிழில் சொல்வது என் வேலை என்று ஆகிவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வாசிப்பு நடப்பது அண்ணாச்சி வீட்டில். அவர் திருநெல்வேலிக்காரர், துறைமுகப் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின், ஊரில் இருந்த ஒரே மகள் அப்பாவுக்குச் சமைத்துப்போட வந்து சேர்ந்தார். நான் அவரை அக்கா என்பேன். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே வந்து, பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சந்துப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டு கீழ்த்தளத்து இரண்டு அறையில் அப்பாவோடு இருந்தார். ஊரில் அவருக்கு அண்டி இருக்க ஒரு வீடு இல்லை. வாடகை ரசீது அண்ணாச்சி பெயரில். வீட்டுக்காரர் வயதான வங்காளி, சாயங்காலமானால் அண்ணாச்சியோடு செஸ் ஆட உட்கார்ந்துவிடுவார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு தடவை வந்த தாளில் பாதிக்கு மேல் புதிய வாடகை மசோதாதான். அதில் ஒரு பத்தி, மாஸ்டர்மஷாயின் வார்த்தையிலேயே: ரசீதில் பெயருள்ளவர் இறந்துவிட்டால், கூட இருந்த பிள்ளைகள் அதற்குப் பிறகு ஐந்து வருஷம்தான் அந்த வீட்டில் உரிமையோடு இருக்கலாம். இந்தப் பிரிவை மாற்றக் கேட்டேன், நடக்கவில்லை. மற்ற பிரிவுகளுக்காக மசோதாவை ஆதரிக்கப் போகிறேன். ஆகவே வயதானவர் பெயரில் ரசீது இருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே வீட்டுக்காரரிடம் பேசி இன்னொருவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படிப் பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்.

அண்ணாச்சி முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். இதயம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா தலைக்குக் குளித்து, சாமி படத்துக்குப் பூப் போட்டு, அப்பா வீடு திரும்பிய சந்தோஷத்தில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். எங்கள் வீடுகளில் விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், மலையேற்று என்போம். வெளியே கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டோம். அப்படியிருக்க, அந்த மனுஷர் முகத்துக்கு நேரே, கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இறந்துவிட்டால்' என்று வாசிக்க எனக்கு நாக்கு எழவில்லை.

"வாடகைக்குப் புதுச் சட்டம் வருது. வாடகை கொஞ்சம் கூடலாம். வேற பெரிசா ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"இவ்வளவு நீளமா எழுதியிருக்காரு, ஒண்ணும் இல்லன்னு சொல்லுத?"

"வாத்தியாருல்லா. நீட்டி முழக்கியிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார்.

அக்காவிடம் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போனால், "இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாக" என்று முகமெல்லாம் மலர்ந்து நிற்பார். திரும்பி வந்துவிடுவேன். மற்ற நான்கு வீட்டாரிடமும் வாசலில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவர்களும் அக்காவிடம் வாய் திறக்கவில்லை, அதே கூச்சம்தான். எங்கள் வீட்டு ரசீதில் மட்டும் அப்பா பெயரோடு என் பெயரையும் அந்த மாதமே சேர்த்துவிட்டேன். இதை எழுதவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. செஸ் ஆடுகிற அந்த வீட்டுக்காரரைக் கேட்டிருந்தால், அன்றைய ஆட்டம் முடிவதற்குள் சம்மதித்திருப்பார்.

மசோதா நிறைவேறியது. ஆதரித்து வாக்களித்ததை மாஸ்டர்மஷாய் அடுத்த தாளில் எழுதினார். நான் அதை ஒரே வரியில் முடித்தேன். சட்டம் அமலுக்கு வந்த பிறகு அண்ணாச்சி இறந்தார். கொஞ்ச நாளில் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் ஐந்து வருஷமும் பொறுமையாக இருந்தான். அது முடிந்த மாதம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு ப்ரமோட்டரோடு பேசி முடித்திருந்தான்.

அக்கா நோட்டீஸோடு என்னிடம்தான் வந்தார். மாஸ்டர்மஷாயிடம் அழைத்துப்போனேன். மிகவும் தளர்ந்திருந்தார், ஆனாலும் இரண்டு முறை நிதானமாக வாசித்தார். காலி செய்ய இரண்டு மூன்று மாதம் தவணை கேட்டுப் பார்க்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்றார். பிறகு என்னைப் பார்த்து வங்காளியில், "மசோதா வரும்போதே எழுதி அனுப்பினேனே. மகள் பெயரைச் சேர்த்திருக்கலாமே. உங்கள் சந்துக்குத் தாள் வரவில்லையா?" என்று கேட்டார்.

"என்ன சொல்லுதாரு தம்பி?" என்றார் அக்கா.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அன்றைக்கு எதை விட்டேன், ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். எங்கள் ரசீதைப் பற்றியும் சொன்னேன். மாஸ்டர்மஷாய்க்குத் தமிழ் தெரியாது. நாங்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் ஓர் ஒற்றை அறை கிடைக்கும், ஆனால் அங்கே துணி தைக்கக் கொடுக்க யாரைத் தெரியும் என்று மட்டும் வெளியே வந்ததும் சொன்னார். பஸ் ஸ்டாப்பில் போய் நின்றோம். பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அப்பா சாவுக்குப் பயந்த மனுசன் இல்ல தம்பி. நீ வந்து வாசிச்சுட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே ஒரு நோட்டுல எழுதிக் கொடுத்துட்டாக. தான் செத்துட்டா பேங்க்ல யாரப் பாக்கணும், ஊர்ல யாருக்குத் தந்தி அடிக்கணும், காஸ் கனெக்ஷன் பேர எங்க போயி மாத்தணும், எல்லாம் அதுல இருக்கு. வீட்டப் பத்தி மட்டும்தான் ஒண்ணும் எழுதல. அந்தத் தாள்ல ஒண்ணும் இல்லன்னு நீ சொல்லிட்டியே."